ஆறடி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. மூன்று வாரம் கழித்து, தார்ப்பாய்களும் அரிசி மூட்டைகளும் ஏற்றிய வண்டியில் நண்பர்களுடன் பேராவூரணிப் பக்கம் போயிருந்தேன். தோப்புகள் முழுக்கத் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. (நெட்டைத் தென்னை காய்க்கவே ஆறேழு வருடமாகும். சாய்ந்தவை பலவும் அப்பன் வைத்து மகன் பறித்தவை.) அப்படியொரு தோப்பின் மோட்டார் கொட்டகைத் தூணில் அவள் கட்டப்பட்டிருந்தாள்.

நாட்டுநாய். பாதி உடம்பில் சொறி. கழுத்துக் கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது. தோப்புக்காரர் மகனோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டாராம். சோறு போடச் சொல்லி ஒப்படைத்திருந்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கோ வீட்டில் கூரையே இல்லை. "நாங்களே வாங்கித் திங்கிறோம் தம்பி, மிச்சமிருந்தா இதுக்கு" என்றார். அந்தத் தோப்புக்காரரை நான் அன்று வைததை இங்கே எழுத இயலாது.

திரும்பும் வழியில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கயிற்றை வெட்டி எடுத்தார்கள். சொறிக்கு ஊசி, குடற்புழு மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி. அவள் முனகக்கூட இல்லை. அதுதான் எனக்கு அச்சமூட்டியது.

தஞ்சையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவளைக் கட்டவில்லை. ஆயினும் துவைகல்லைச் சுற்றி ஆறடிக்குள்தான் நடந்தாள். அதற்கப்பால் சோற்றுத் தட்டை வைத்தால் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். மூன்று நாளில் அச்சம் குறையும், மூன்று வாரத்தில் பழகும், மூன்று மாதத்தில் வீடாகும் என்று நாய் வளர்ப்போர் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. செவலைக்கு அக்கணக்குத் தெரியவில்லை. மட்டை விழும் ஓசை கேட்டாலே நின்ற இடத்தில் சிறுநீர் கழித்து ஒடுங்குவாள்.

நான் மண்டியிட்டுக் கொஞ்சியதெல்லாம் வீண். பழக்கியவள் அம்மா, நாயை வாசற்படி ஏறவிடாத அம்மா. தினமும் அவளுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து முறத்தில் அரிசி புடைப்பாள். பேசமாட்டாள், பார்க்கமாட்டாள். தட்டை மட்டும் நாளுக்கு ஒரு சாண் தள்ளி வைப்பாள். மாசி பிறந்தபோது தட்டு சமையலறை வாசலுக்கு வந்திருந்தது.

2019இல் மேட்டூர் அணை ஆகஸ்ட் 13 அன்றுதான் திறந்தது. புது ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு அவளைக் கரையோரம் அழைத்துப் போகத் தொடங்கினேன். அந்தக் கால்வாயின் கடைமடை அவளுடைய ஊர்ப்பக்கம்தான்.

செப்டம்பரில் தோப்புக்காரர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், கையில் பிஸ்கட் பொட்டலம். செவலை அவரை முகர்ந்தாள். பிறகு மல்லாந்து வயிற்றைக் காட்டிக் குழைந்தாள். எங்களிடம் அவள் ஒருநாளும் செய்திராதது அது. எனக்கு எரிந்தது. "அவுத்து விட்ருக்கணும். நாலு நாள்ல வந்துரலாம்னு நெனச்சேன்" என்றார். கழுத்துத் தழும்பைத் தடவியபோது அவர் விரல் நடுங்கியது.

"கூட்டிப் போறீங்களா?" என்று அம்மாதான் கேட்டாள். நான் கேட்டிருக்கமாட்டேன்.

"ஒத்த ரூம்புல ஆறு பேரு இருக்கோம்மா."

அவர் புறப்பட்டார். செவலை வெளிக்கதவு வரை கூடவே போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. நிலையைத் தாண்டாமல் நின்று, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, வந்து அம்மாவின் முறத்தருகே படுத்துக்கொண்டாள். அன்று நிலையில் அவளை நிறுத்தியது நாங்களா, அந்தப் பழைய ஆறடியா என்று நானும் அம்மாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.