நமக்கு அங்கே என்ன வேலை?

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், கணினித் துறை மாணவி)

மாநாடு என்றதும் நம் பக்கத்து மக்களுக்குக் கொடியும் தோரணமும் ஒலிபெருக்கியும்தான் நினைவுக்கு வரும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னையில் தமிழ்க் கட்டற்ற மென்பொருள் மாநாடு நடக்க இருக்கிறது, விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் அறிவித்தபோது ஒரு கைகூட உயரவில்லை. என் கையும்தான். "நமக்கு அங்கே என்னடி வேலை?" என்று பக்கத்தில் இருந்தவள் காதோடு கேட்டாள். அன்று அதற்கு என்னிடம் விடை இல்லை.

கட்டற்ற மென்பொருள் என்பது பிற துறை நண்பர்களுக்குப் புதிய சொல்லாக இருக்கலாம். எங்கள் ஊரில் விதைச் சோளம் இல்லாதவர் அடுத்த வீட்டில் அளந்து வாங்கி விதைப்பார். விளைந்தபின் கொஞ்சம் கூட்டியே திருப்பி அளப்பார். விதையை யாரும் பூட்டி வைப்பதில்லை. அதுபோல ஒரு மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதே இதன் கொள்கை. 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் இதற்காகக் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய லினக்ஸை ஊரறியப் பகிர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 21. இன்று நம்மில் பலர் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் ஓடுவதும் அந்த லினக்ஸ்தான்.

நிற்க. நான் மாநாட்டுக்குப் போனது இந்தக் கொள்கையின் மேல் கொண்ட பற்றினால் அன்று. ஒரு சிவப்புக் கோட்டின் மேல் வந்த கோபத்தினால்!

கணினிக் கூடத்தில் எங்கள் ஊரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். 'கம்மாய்' என்று அடித்தேன். கீழே பிழை என்று சிவப்புக் கோடு விழுந்தது. 'கரம்பை' என்று அடித்தேன், மறுபடியும் கோடு. 'பருத்திமார்', 'வெஞ்சணம்' எல்லாம் பிழையாம்! எங்கள் அம்மா பேசும் பேச்சு முழுவதற்கும் யாரோ தமிழாசிரியர் சுழித்துவிட்டது போல் இருந்தது. பேராசிரியரிடம் முறையிட்டேன். "இதை என்னிடம் சொல்லி என்ன பயன் அம்மா? அங்கே வந்து சொல்" என்றார். அன்று மாலையே பெயர் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. "கல்யாணம் காட்சிக்குக்கூட நாம மெட்ராஸ் போனதில்லை" என்றாள். ஐயாதான், "நான் கூடப் போயிட்டு வாரேன்" என்று முடித்து வைத்தார். எங்களுக்கு இருப்பது மூன்று குறுக்கம் மானாவாரி நிலம். புரட்டாசி விதைப்புக்கு இன்னும் நாள் இருந்தது. பருத்தி விற்று மிஞ்சியிருந்த பணத்தில் இரண்டு பயணச் சீட்டு எடுத்துக்கொண்டு, இரவு கோவில்பட்டி நிலையத்தில் முத்துநகர் விரைவு வண்டி ஏறினோம்.

கணியம் அறக்கட்டளையும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் கூடி நடத்திய மாநாடு அது. உரைகள் தமிழில் நடந்தன என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் கேட்ட நான்கு உரைகளில் இரண்டு எனக்கு முழுவதும் விளங்கவில்லை. பொறியியல் மாணவர்கள் சரளமாகக் கேள்வி கேட்க, நான் கடைசி வரிசையில் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்த செலவு வீண்தானோ என்றுகூடத் தோன்றியது.

உணவு இடைவேளையில்தான் துணிவு வந்தது. சொற்பட்டியல் வேலையில் ஈடுபட்டிருந்த ஓர் இளைஞரிடம் என் சிவப்புக் கோட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கம்மாய் தப்பான சொல் இல்லைங்க. அதைப் பட்டியலில் சேர்க்க உங்க ஊர்க்காரங்க யாரும் இதுவரைக்கும் வரலை, அவ்வளவுதான்" என்றார். எனக்குச் சுரீரென்றது. கோபம் யார்மேல் என்று நினைத்து வந்தேனோ, அது திரும்பி என்மேலேயே வந்து நின்றது.

அவர் மடிக்கணினியைத் திறந்து, சொல்லுங்கள் என்றார். நான்கைந்து சொல்லிவிட்டுத் திகைத்தேன். தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்த ஐயா மெல்ல அருகில் வந்தார். "படப்பு எழுதிட்டியா தாயி? செவல்? குறுக்கம்?" என்று கேட்கத் தொடங்கியவர், அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னார். குறுக்கத்துக்குக் கையால் நிலம் அளந்தே காட்டினார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அன்று நாற்பத்தொரு சொற்கள் சேர்ந்தன. அவற்றில் முப்பதுக்கு மேல் ஐயாவுடையவை. ஒரு வரி நிரல் எழுதத் தெரியாதவர் அவர்!

இது நம் மண்ணுக்குப் புதிதும் அன்று. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் விவசாயியாக இருந்த கி. ராஜநாராயணன், பட்டம் எதுவும் இல்லாமலே கரிசல் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதியாகத் தந்தார். அவர் 2021-இல் மறைந்துவிட்டார். அந்த வேலையைக் கணினிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் பொறுப்பு? சென்னையில் இருப்பவர்களுக்குக் கரம்பை எப்படித் தெரியும்?

கூட்டம் கூடிப் பேசுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கும் நண்பர்கள் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொள்ளட்டும். நாம் பழகும் 'தமிழ் 99' விசைப்பலகை, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் விளைவுதான். போனவர்கள் பேசினார்கள், அவர்கள் தேர்ந்த வரிசையில் நாம் தட்டுகிறோம்.

எங்கள் இரண்டாம் ஆண்டில் ஒரு தங்கை இருக்கிறாள். மாலையில் தீப்பெட்டி ஒட்டிவிட்டு, இரவில் கைப்பேசியிலேயே ஒரு செயலியின் சொற்றொடர்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறாள். ஆங்கிலம் பேச வராது என்று மாநாட்டுக்குப் பெயர் கொடுக்க மறுக்கிறாள். அறிவிப்புப் பலகையில் 'அனைவரும் வருக' என்று எழுதினால் அவள் வரமாட்டாள். அந்த 'அனைவரில்' தானும் உண்டு என்று அவளுக்குத் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லையே! ஆகவே மூத்த மாணவர்களே, பலகையில் ஒட்டியதோடு நில்லாதீர்கள். விடுதி அறைக்கே போய், "நீ வா, நான் கூட வருகிறேன்" என்று பெயர் சொல்லி அழையுங்கள். பயணத்துக்கு வழியில்லாதவர்கள் காஞ்சி லினக்ஸ் குழுவினரின் ஞாயிற்றுக்கிழமை இணையவழிச் சந்திப்பில் தமிழிலேயே பேசிப் பழகலாம்.

அடுத்த மாநாட்டுக்கான தாள் எங்கள் துறை வாயிலில் ஒட்டப்பட்டிருக்கிறது. இதை எழுதும்போது அதில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. தங்கையிடம் நேற்று மறுபடியும் பேசினேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். உங்கள் ஐயா வருவாரா என்று பேராசிரியர் விசாரித்தார். கேட்டேன். "விதைப்பு இல்லாத வாரமாப் பார்த்து வைக்கச் சொல்லு" என்கிறார்.