நடுவில் தங்கும் ஈரம்

ஓவனை விட்டு வெளியே வரும்போது அந்த பிஸ்கட்டில் ஒரு குறையும் தெரியாது. நல்ல பொன்னிறம், சரியான கனம், உடைத்தால் மொறுமொறுவென்ற சத்தம். பொட்டலம் கட்டிய பிறகுதான், ஒரு நாளிலோ சில நாள்களிலோ, நடுவே மயிரிழை விரிசல் ஓடும். பொட்டலத்தைப் பிரிப்பவர் கையில் வருவது இரண்டு துண்டு. வட இங்கிலாந்தின் ஓர் ஆலையில் இந்த விரிசலோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஓவன்காரரைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

ஒரு பிஸ்கட்டை உடைத்துக் காட்டியபடியே காரணம் சொன்னார். ஓவனின் சூடு ஓரங்களை முதலில் உலர்த்திவிடுகிறது, நடுவில் ஈரம் தங்கிவிடுகிறது. ஆறும்போது அந்த ஈரம் மெல்ல ஓரத்துக்கு நகரும். ஓரம் விரியும், நடு சுருங்கும். இழுபறி தாங்காமல் பிஸ்கட் கீறிக்கொள்ளும்.

"முன்பெல்லாம் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். நடு காயட்டும் என்று விட்டுவைத்தால் நிறம் கருத்துவிடும். நிறம் பார்த்து எடுத்தால் விரிசல் விடும்" என்றார்.

இப்போது ஓவனுக்கு அடுத்து ஒரு நீண்ட உலோகக் கூடு நிற்கிறது. ரேடியோ அலைவரிசை உலர்த்தி. உள்ளே நெருப்பில்லை, காய்ந்து சிவக்கும் கம்பியில்லை. மின்முனைகளுக்கு இடையே 27.12 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 2.71 கோடி முறை, மின்புலம் அலைகிறது. வானொலி, தகவல் தொடர்புக்கு இடைஞ்சல் இல்லாதபடி தொழிற்சாலைகளுக்கும் மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் ஒதுக்கிய அலைவரிசைகளில் ஒன்று இது. அந்தப் புலத்தில் நீர் மூலக்கூறுகள் திரும்பித் திரும்பிப் புரள்கின்றன, உப்பின் அயனிகள் முட்டி மோதுகின்றன. சூடு பிஸ்கட்டுக்குள்ளேயே பிறக்கிறது. ஈரம் எங்கே கூடுதலோ அங்கேதான் அதிகம் பிறக்கிறது. காய்ந்த ஓரத்தை ஏறக்குறைய சும்மா விட்டுவிடுகிறது. பந்தியில் வெறும் இலையாகப் பார்த்துச் சோறு வைப்பதுபோல. தொழிலின் வலி எங்கே என்று அறிந்து செய்த கருவி இது. எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை உண்டாயிற்று.

ஓவன்காரரின் கண் அடிக்கடி ஓர் அம்மீட்டர் பக்கம் போனது. பிஸ்கட் ஈரமாக வந்தால் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும், முள் ஏறும். அப்படி ஏறியபோது அவர் உலர்த்தியைத் தொடவில்லை. ஓவனின் கடைசிப் பகுதிக்குப் போய் அங்கே சூட்டைச் சரிசெய்தார். அந்தப் பகுதியை முன்போல் கொதிக்க வைக்க வேண்டியதில்லை என்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாவுப் பண்டங்கள் அதிகச் சூட்டில் சிவக்கும்போது அக்ரிலமைடு உருவாகிறது என்று 2002இல் சுவீடனில் அறிவித்ததிலிருந்து, நிறத்தை அளவோடு நிறுத்துவது உலகெங்கும் ஆலைகளின் கவலையாகிவிட்டது.

இரவுப் பணியில் கூட்டைத் துப்புரவு செய்யும் பெண்ணிடம் அதிக நேரம் நின்றேன். மின்முனைகளுக்கு இடையே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். கதவு திறந்தால் மின்சாரம் தானே அறுந்துவிடும். இருந்தும் முதன்மைச் சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்ட பிறகே அவர் உள்ளே கைவிடுகிறார். நொறுங்கல் தூள் படிந்தால் மின்பொறி பாயும், தீயும் பிடிக்கும். ஒரு சிறு உலோகத் துணுக்கு போதும். பிஸ்கட்டைச் சுமந்து ஓடும் பட்டையின் அடிப்புறம், முனைகளின் சந்து, காற்று வெளியேறும் குழாய் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அலைவரிசையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த விரல்களைப் பற்றியும் பேச வேண்டும். ஆலை எரியாமல் ஓடுவது அவற்றால்தான்.

உலர்த்தியால் நிறம் ஏற்ற முடியாது. மணமும் சிவப்பும் ஓவனில்தான் வர வேண்டும். அதனால் புதிதாகச் சேர்ந்த பையனை ஓவன்காரர் இன்னும் அம்மீட்டர் பக்கம் விடவில்லை. பட்டையின் இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் பிஸ்கட் எடுத்து உடைக்கச் சொல்கிறார். உடைந்த முகத்தில் நடு எவ்வளவு ஈரம் என்று விரலால் அழுத்திச் சொல்ல வேண்டும். பிறகு ஈரமானியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"முள் ஏறினால் ஈரம் என்று யாருக்கும் தெரியும். ஏன் ஏறியது என்று இவன் சொல்ல வேண்டும்" என்றார்.


பையன் அடுத்த பிஸ்கட்டை எடுத்தான்.