புள்ளிக்குப் பின்னே ஒரு சுழி

பாகப்பிரிவினைக்காகச் செஞ்சிக்கு அருகிலுள்ள வல்லத்துக்குப் போயிருந்தபோது தாத்தாவின் கணக்கு நோட்டு கிடைத்தது. கர்ணமாக இருந்தவர். 1980-இல் தமிழகத்தில் அப்பதவி ஒழிக்கப்பட்ட பிறகும் நோட்டை அவர் மூடவில்லை. பங்குகளை அரை, கால், மாகாணி, முந்திரி என்றே குறித்திருந்தார். நான் தரவுத்தள வேலை பார்ப்பவன். மல்லாட்டை விளையும் அந்தத் துண்டு நிலங்களையெல்லாம் கணினியில் அட்டவணையாக்கித் தருவதாகப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

தசம எண்ணைச் சேமிக்க இரண்டு அளவுகள் சொல்ல வேண்டும்: மொத்தம் எத்தனை இலக்கம், அவற்றில் புள்ளிக்குப் பின் எத்தனை. முன்னால் இலக்கம் மிகுந்தால் தரவுத்தளம் பொதுவாக மறுத்துவிடும். பின்னால் மிகுந்தால் பெரும்பாலும் ஓசையின்றி வெட்டிச் சீராக்கிக்கொள்ளும். நான் பின்னால் இரண்டு இலக்கம் போதுமென்று நினைத்தேன். மாகாணி பதினாறில் ஒன்று, 0.0625. அது 0.06 ஆயிற்று. பதினாறு மாகாணியைக் கூட்டினால் 0.96. ஓர் ஏக்கரில் நான்கு செண்டு காணாமல் போயிற்று. முந்திரி 320-இல் ஒன்று, 0.003125, அது வெறும் சுழியாகவே நின்றது. ஆறு இலக்கம் கொடுத்த பிறகுதான் தாத்தாவின் முந்திரி முழுதாக உட்கார்ந்தது.

பிறகு சோதனைகள் எழுதினேன். இலக்கங்களை எண்ணினேன். முழு எண்ணாக இருக்க வேண்டியவற்றை ஒன்றால் வகுத்து மீதி சுழிதானா என்று பார்த்தேன். எல்லாம் தேறின. அச்செடுத்து, மறுநாள் பத்திர எழுத்தரிடம் கொடுக்குமுன், திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"கிணத்துக் கொல்லை எங்கடா?" என்றார்.

புல எண் 112, உட்பிரிவு 10 அவருடையது. உட்பிரிவு 1 எங்களுடையது. சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்து இரண்டையும் எண்ணாக ஏற்றியிருந்தேன். 112.1, 112.10 இரண்டும் இயந்திரத்துக்கு ஒன்றே. இரு வரிகளையும் ஒன்றாகக் கூட்டி, கணவரை இழந்த அவருக்கு எஞ்சியிருந்த ஒரே கிணற்றை எங்கள் பெயரில் சேர்த்திருந்தது. அதில் ஓர் இலக்கமும் மிகவில்லை. ஒரு சோதனையும் தவறவில்லை.

நோட்டைத் திறந்தேன். பங்குகளைப் பின்னத்தில் எழுதியவர், புல எண்ணை மட்டும் "112-ல் 10" என்று சொல் சேர்த்து எழுதியிருந்தார். பங்கைக் கூட்டலாம், புல எண்ணை யாரும் கூட்டுவதில்லை, அது நிலத்தின் பெயர். அதை எழுத்து வகைக்கு மாற்றினேன். மாற்றியதால் மட்டும் போன சுழி திரும்பாது. ஆகவே இரவு முழுவதும் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக மீண்டும் ஏற்றினேன்.

காலையில் மறுபடியும் படித்தேன். பெரியம்மா விரல்விட்டு எண்ணியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.