மூன்றாவது தலையணை

அம்மாவின் இதயம் தளர்ந்துகொண்டே வந்த மூன்று மாதமும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கவனித்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானமும் வைத்திருந்தேன்.

முதலில் கால் வீங்கியது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் ராத்திரி வரை மறையாது. மூட்டுவலியால் வந்த வீக்கம் என்று நானே முடிவு கட்டி, மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு வாரம். அந்த மாதிரி வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, தளர்ந்த இதயத்தை இன்னும் தளர்த்தும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கொடுத்தது என் கை.

பிறகு தலையணை ஒன்று இரண்டாகி, மூன்றானது. "படுத்தா மூச்சு முட்டுதுடா" என்றாள். வாயுத் தொந்தரவு, ராத்திரி சாப்பாட்டைக் குறை என்றேன். மாடிப்படி ஏறுவதை விட்டதற்கு வயதைச் சொன்னேன். ராத்திரி இருமலுக்கு மார்கழிப் பனி. ஒருநாள் விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்தபோது, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

கடைசியில் பார்த்த டாக்டர் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. "எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறாங்க?" என்று கேட்டார். எக்கோ எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் 55 சதவீதமாவது வெளியே தள்ள வேண்டும், அம்மாவுக்கு 30. தள்ள முடியாத இதயத்துக்குப் பின்னால் ரத்தம் தேங்கி, நீர் நுரையீரலிலும் காலிலும் கசிகிறது. படுத்தால் காலில் நிற்பதும் மேலேறி மூச்சை அடைக்கிறது. நெஞ்சுவலி ஒருநாளும் வரவில்லை. வலித்தால்தான் இதயம் என்று நம்பி நான் எதிர்பார்த்திருந்தது அதைத்தான்.

இப்போது தினமும் காலையில், சாப்பிடுமுன், எடை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உள்ளே நீர் சேருகிறதென்று அர்த்தம். அன்றே டாக்டருக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஊறுகாயும் அப்பளமும் வீட்டுக்குள் வருவதில்லை. அம்மா இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது உட்கார்ந்தபடி தூங்கினால், போர்த்திவிட்டுப் போகாதீர்கள். படுக்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.