மூவிரல் உப்பும் ஒரு பிடி வெல்லமும்

குமணனை நாடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், தம் வறுமையைப் பொன்னாலோ நெல்லாலோ அளந்து காட்டினாரல்லர். சமைத்தலை மறந்து காளான் பூத்த அடுப்பையும், பால் வற்றிய தாயையும், அவள் மடியில் அழும் மகவின் முகத்தையுமே காட்டினார். புறநானூற்றின் 164ஆம் பாடலைப் பாடம் சொல்லுந்தோறும் எமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. வறுமையை அளக்கும் கோல் குழந்தையின் உடம்பே என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். இன்றைய உலகமோ டாலரால் அளக்கிறது. உலக வங்கி 1990இல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 டாலர் என்று வறுமைக்கோடு வரைந்தது. விலைவாசிக்கேற்பப் பலமுறை திருத்தப்பெற்று 2025இல் அது 3 டாலராயிற்று. இத்தகைய கோடு ஒன்று தேவைதான். ஆயினும், அதற்குக் கீழே பிறந்த பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதை அது உரைப்பதில்லை.

வறுமை பெரும்பாலும் பிள்ளைகளைப் பட்டினியால் நேரே கொல்வதில்லை. அது சிறிய வழிகளில் வருகிறது: கழிவு கலந்த குளத்து நீர், மூடியில்லாத குடம், ஈ மொய்த்த பழஞ்சோறு. இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் உடம்பின் நீரும் உப்பும் வடிந்துபோகக் கண் குழிந்து, நா வறண்டு, பிள்ளை துவண்டுவிடுகிறது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 46 இலட்சம் பேர் ஆண்டுதோறும் இவ்வாறு இறந்தனர் என்பது அந்நாளைய மதிப்பீடு. எம் இளமையில் எம் தெருவிலும் இது நடந்தது. வயிற்றுப்போக்குக் கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் போக்கு மிகும் என்று மூத்த பெண்டிர் தடுப்பர். தாகத்தால் கதறும் பிள்ளையின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றியெடுப்பரே அன்றி ஒரு மடக்கு நீர் தாரார். அவர்கள் கல்நெஞ்சினரல்லர்; அன்பினாலேயே அவ்வாறு செய்தனர்.

இந்நோயைத் தீர்க்கும் வழி ஒரு போரின் நடுவே மெய்ப்பிக்கப்பட்டது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவினுள் அடைக்கலம் புகுந்தனர். மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்காவ் நகரத்து மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். நரம்பு வழி ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸ், லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசும் 3.5 கிராம் சமையலுப்பும் 2.5 கிராம் சமையல் சோடாவும் என்னும் கலவையை வாய்வழியே புகட்டத் துணிந்தார். நோயாளியின் உறவினரே குவளையில் மொண்டு மொண்டு கொடுத்தனர். முகாம்களில் 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, அவருடைய பொறுப்பிலிருந்தவர்களிடையே 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது.

இதன் நுட்பம் எளிது. காலராவினால் குடல் சீர்குலைந்த போதும், சர்க்கரை தன்னுடன் உப்பை அழைத்துக்கொண்டு குடற்சுவரைக் கடக்கும் வாயில் மட்டும் அடைபடுவதில்லை. உப்பின் பின்னே நீரும் செல்கிறது. தனி நீரால் ஆகாததைச் சர்க்கரையும் உப்பும் கூடிய நீர் செய்துவிடுகிறது. டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் 1968இலேயே டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகியோர் இதை நோயாளிகளிடம் ஆய்ந்து காட்டியிருந்தனர்.

கண்டறிந்தவுடன் காரியம் முடிந்துவிட்டதா? இல்லை. பொட்டலம் வாங்கக் கடையுமில்லை, காசுமில்லை என்னும் ஊர்களுக்கு அதை யார் கொண்டு செல்வது? 1972இல் ஃபஸ்லே ஹசன் ஆபேத் வங்கதேசத்தில் தோற்றுவித்த பிராக் என்னும் அமைப்பு, 1980இல் தொடங்கிப் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்றது. எடுத்துச் சென்றது மருந்தன்று, பாடம். அரைச் சேர் தண்ணீர், மூன்று விரல்களால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம். தாயே தன் கையால் கலக்க வேண்டும். வங்கத்துப் பெண்டிர் இதற்கு 'லோபோன் கூர் ஷர்பத்' என்று பெயரிட்டனர். உப்பு வெல்லச் சர்பத் என்பதே பொருள்.

இங்கு ஆசிரியப் பெருமக்கள் ஒன்றைக் கருதவேண்டும். பாடம் சொன்ன பெண்களுக்கு ஊதியம், அவர்கள் எத்தனை வீடுகள் ஏறி இறங்கினர் என்பதைக் கொண்டு வழங்கப்படவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று வினவும்போது அத்தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாளா என்பதைக் கொண்டே வழங்கப்பட்டது. இம்முறை நம் கல்லூரிகளுக்கு வருமாயின் எம் போன்றோர் பாடு என்னாகும் என்பதை மாணவர்களே கூறட்டும்!

அப்படியும் தொடக்கத்தில் ஓர் இடர் நேர்ந்தது. தாய்மார் பாடத்தை ஒப்பித்தனர்; ஆனால் பிள்ளைக்கு நோய் வந்தபோது பலர் கலந்து கொடுக்கவில்லை. ஆராய்ந்தபோது, கற்பித்த பெண்களுக்கே அதில் நம்பிக்கையில்லை என்பது புலனாயிற்று. தமக்கு நோய் வந்தால் அவர்கள் மாத்திரையைத் தேடினர். அதன்பின் அவர்களுக்குக் காரணகாரியத்தை விளக்கினர். தாயின் முன்னே தாமும் ஒரு வாய் பருகிக் காட்டச் செய்தனர். ஆண்களை விலக்கி வைத்ததும் குறையென உணர்ந்து, சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கூட்டம் கூட்டிப் பேசினர். 1990க்குள் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை இப்பாடம் எட்டியது.

அண்மையில் எம் இலக்கிய வகுப்பில் இச்செய்தியைக் கூறி, இக்கரைசலைச் செய்யத் தெரிந்தவர் யாவர் என்று வினவினோம். எழுந்தவர் மூவர், அவர்களுள் இருவர் கூறிய அளவு பிழை. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு சிறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், அனைத்தும் தலைதட்டிய அளவில், என்று கரும்பலகையில் எழுதினோம். உப்பு மிகுந்தால் தீங்கு என்பதையும் சேர்த்தே எழுதினோம். அன்று யாப்பிலக்கணம் சற்றுக் காத்திருந்தது.

வங்கதேசத்தில் 1990இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஐந்து வயதுக்குள் மாண்டவர் 140க்கும் மேல். 2022இல் அத்தொகை ஏறத்தாழ 30. தூய நீர், தடுப்பூசி, பெண்கல்வி முதலிய பலவற்றிற்கும் இதில் பங்குண்டு. எனினும், அந்நாடு செல்வம் பெறும்வரை அதன் பிள்ளைகள் சாவை ஏற்றுக் காத்திருக்கவில்லை என்பதே எம்மை வியக்கச் செய்வது.

பிழைத்த பிள்ளை வளர்ந்ததா என்பது வேறு வினா. கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது வரையுள்ள ஆயிரம் நாள்களில் ஊட்டம் குறைந்தால் உடம்பு குறுகுகிறது, மூளையின் வளர்ச்சியும் தளர்கிறது. பின்னர் எத்துணை ஊட்டினும் முழுதும் மீள்வதில்லை. குவாத்தமாலா நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் 1969 முதல் 1977 வரை குழந்தைகளுக்குச் சத்துக்கஞ்சி வழங்கி, அவர்கள் பெரியவரான பின்னும் ஆய்வாளர் தொடர்ந்து நோக்கினர். மூன்று வயதுக்குள் அக்கஞ்சியைப் பருகிய ஆண்கள், அது கிடைக்காத ஊரினரைவிட மணிக்கு 46 விழுக்காடு கூடுதலாக ஊதியம் ஈட்டினர் என்று 2008இல் வெளியிட்டனர். மூன்று வயதுக்குப் பின் பருகியவரிடம் அவ்வுயர்வு காணப்படவில்லை.

2022ஆம் ஆண்டின் கணக்குப்படி, உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 14.8 கோடிக் குழந்தைகள் வயதிற்கேற்ற உயரம் இல்லாதவர்கள். வங்கதேசத்தில் அவ்வயதினருள் நால்வரில் ஒருவர் அந்நிலையினர். அப்பிள்ளையின் தாய்க்கு உப்பும் வெல்லமும் கலக்கத் தெரியும். அவளுக்கு அவள் தாய் கற்பித்திருப்பாள். பிள்ளையின் சோற்றின்மேல் நாள்தோறும் ஒரு மீனோ முட்டையோ வைக்க வேண்டும் என்பதும் தெரியும். வைப்பதற்கு அவளிடம் இல்லை.