வெல்டிங்கிலிருந்து வந்த கை

கோவை குறிச்சி சிட்கோவில் அந்தப் பட்டறையின் வாசலிலேயே வெள்ளை மணி பறந்துகொண்டிருந்தது. தெர்மாகோல் தூள். உள்ளே ஆறு மூட்டு ரோபோ ஒன்று. கார் பாடிக்கு ஸ்பாட் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்ததை செகண்ட் ஹேண்டில் வாங்கி, வெல்டிங் கன்னைக் கழற்றிவிட்டு, அதன் மணிக்கட்டில் ஸ்பிண்டில் மாட்டியிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று. கட்டில் அகலத் தெர்மாகோல் பாளத்தை அது குடைந்துகொண்டிருந்தது.

குடைவது ஒரு பிரஸ் டையின் அடிப்பாகத்துக்கான பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கு மணலில் அச்சு எடுக்கும் மாதிரி. மரப் பேட்டர்ன் என்றால் மணலை இடித்த பிறகு உருவி எடுக்க வேண்டும். உருவுவதற்கு வாகாகப் பக்கங்களுக்குச் சரிவு கொடுக்க வேண்டும். தெர்மாகோலை எடுக்கவே வேண்டாம். மணலுக்குள் அப்படியே விட்டு உருகிய இரும்பை ஊற்றினால் ஆவியாகி இடம் விட்டுவிடும். 1958-இல் ஷ்ராயர் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய முறை இது. ஒரே ஒரு வார்ப்பு போதும் என்கிற பெரிய உருப்படிகளுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. எடைக் கணக்குதான் வேடிக்கை: ஒரு கன மீட்டர் தெர்மாகோல் 20 கிலோ வரும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். அதே அளவு வார்ப்பிரும்பு ஏழு டன்னுக்கு மேல்.

ரோபோவை வைத்து எதை வேண்டுமானாலும் கடையலாம் என்று நினைப்பவர்கள் அதன் முழங்கையைப் பிடித்து ஒருமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். நல்ல சி.என்.சி. இயந்திரத்தின் வெட்டுமுனையை ஒரு மைக்ரான் நகர்த்த 50 நியூட்டனுக்கு மேல் விசை வேண்டும். இந்தக் கைக்கு ஒரு நியூட்டன்கூட வேண்டாம். ஒவ்வொரு மூட்டிலும் கியர் பெட்டி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இளக்கம். ஆறும் சேர்ந்து நுனியில் வந்து நிற்கிறது. கையை நீட்ட நீட்ட இன்னும் மோசம். அதனால்தான் பாளத்தைத் தள்ளி வைக்காமல் ரோபோவின் நெஞ்சுக்கு அருகே வைத்திருந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெல்டிங் வேலையில் ஆள் ஒருமுறை கைபிடித்துக் காட்டிய புள்ளிக்கே அது திரும்பத் திரும்ப வந்தால் போதும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் வந்துவிடும். கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பும் புதிய புள்ளிக்குப் போகச் சொன்னால் ஒரு மில்லிமீட்டர் வரைகூடத் தள்ளிப் போகலாம். வார்த்த பிறகு எந்திரத்தில் கடைய எப்படியும் சில மில்லிமீட்டர் கூட்டி வைப்பதால் பேட்டர்னில் அது மறைந்துவிடுகிறது. இத்தாலியின் கராராவில் இதே வகைக் கைகள் பளிங்கையே செதுக்குகின்றன. ஆனால் கடைசி மெருகை அங்கேயும் ஆள்தான் போடுகிறார்.

ரோபோவை ஓட்டும் தம்பி டூல் மாற்றியதும் செய்த வேலையைக் கிட்டே நின்று பார்த்தேன். மேஜையில் கூரான ஊசி ஒன்று நட்டு வைத்திருக்கிறார்கள். டூலின் நுனி அந்த ஊசி முனையைத் தொட வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து அல்ல, நான்கு பக்கத்திலிருந்து, கையை விதவிதமாகச் சாய்த்து. அந்த நான்கு நிலைகளை வைத்து நுனி எங்கே இருக்கிறது என்பதைக் கன்ட்ரோலர் கணக்குப் போட்டுக்கொள்ளும். கடைசி அரை மில்லிமீட்டருக்கு அவர் மூச்சு விடவில்லை.

டூலை ஓரிடத்தில் ஒரு கோணத்தில் நிறுத்த ஐந்து அச்சு போதும். இதற்கு ஆறு. மிச்சமுள்ள ஒன்றில்தான் ஆபரேட்டரின் சாமர்த்தியம்: அதே வெட்டைக் கையை எப்படி வளைத்து வைத்து வெட்டுவது என்பதை அவர் தேர்ந்தெடுக்கலாம். நாலாவது அச்சும் ஆறாவதும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் வம்பு. “கை முறுக்கிக்குங்க,” என்றார். டூல் துளி நகர மணிக்கட்டு சடாரென்று பாதிச் சுற்று சுற்றப் பார்க்கும். புரோகிராமைத் திரையில் ஓட்டி அந்த இடங்களைத் தேடித் தேடிச் சாய்வை மாற்றுவதில்தான் அவருக்குப் பாதிநாள் போகிறது. மெஷின் தானாக ஓடுகிறது என்பதெல்லாம் வாசலில் நின்று பார்ப்பவர் பேச்சு.

அங்கே மரப் பேட்டர்ன் காலத்து ஆள் ஒருவர் இருக்கிறார். உளி பிடித்த விரல்களில் இப்போது உப்புத்தாள். உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்பதற்காக, அளவைக் கூட்டியே கோடு போட்ட தனி ஸ்கேலை ஒரு காலத்தில் இடுப்பில் செருகியிருந்தாராம். இப்போது கம்ப்யூட்டரில் மாடலையே பெரிதாக்குகிறார்கள். அவருக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

“கண்ணு, சுருக்கு எவ்வளவு போட்டிருக்கே?”

“நூத்துக்கு ஒண்ணுங்கண்ணா.”

“போன தடவை அந்த ஸ்டீல் வேலைக்கு ரெண்டு போட்டமே, அதை மாத்தீட்டயா?”

தம்பி திரையைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் ஸ்பிண்டில் மறுபடி ஓடியது.

டூல் எட்டாத ஆழக் குழிகளுக்காகப் பாளத்தை எந்த இடத்தில் துண்டாக்குவது என்று முடிவு செய்வதும் அந்த மரப் பேட்டர்ன்காரர்தான். துண்டுகளைப் பிறகு ஒட்ட வேண்டும். பசை கூடினால் இரும்பு ஊற்றும்போது புகை கூடும், வார்ப்பில் ஓட்டை விழும். அவர் பசை தடவிய இடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். தடவியது தெரியவே இல்லை. இந்தப் பட்டறையில் ரோபோவை வாங்கிவிடலாம், இவரை வாங்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. கூலியில் அந்த வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்துவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.

கிளம்பும் நேரத்தில் ஒருவர் வார்ப்பிரும்புப் பம்ப் பாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரோபோ இருக்கிறதாமே, இதன் முகத்தை மட்டும் வழித்துக் கொடுங்கள் என்றார். முதலாளி அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “இதை இங்க வெச்சா கையும் டூலும் ஆடுமுங்க. கணபதிப் பக்கம் வி.எம்.சி. மெஷின் வெச்சிருக்காங்க, அங்க கொண்டுபோங்க,” என்று வழி சொல்லி அனுப்பினார்.