எத்தனாலும் காவிரி நீரும்

பெட்ரோல் நிலையங்களில் ‘இ20’ என்னும் எழுத்துகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். நூற்றில் இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பது அதன் பொருள். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், நம் பெங்களூருவில்தான் பிரதமர் இதனை அறிமுகம் செய்தார். எண்ணெய் இறக்குமதிச் செலவு குறையும். கரும்பு உழவருக்கும் வருவாய் பெருகும். நல்ல நோக்கங்களே.

ஆயினும், ஒரு லிட்டர் எத்தனால் தரும் ஆற்றல், பெட்ரோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே வண்டி ஓடும் தொலைவு சற்றுக் குறையும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கக்கூடும். இவற்றைப் பொறியாளர் சீர்செய்துவிடுவர் என்றே நம்புகிறேன். எனக்குக் கவலை தருவது நீர்.

கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் தேவை என நிதி ஆயோக் 2021இல் கணக்கிட்டது. மண்டியா மாவட்டக் கரும்பு வயல்களுக்குப் பாய்வது காவிரி. இந்நகர வீடுகளின் குழாய்களில் வருவதும், உங்களுள் சிலருடைய பாட்டிமார் வாழும் தஞ்சைக்குச் செல்வதும் அக்காவிரியே. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, தண்ணீர் லாரிக்காகக் குடங்களுடன் மக்கள் காத்திருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுக்கின்றனர். அதுவோ கோழிகளின் தீவனம். அரியானாவின் பானிப்பட்டில் 2022இல் திறக்கப்பட்ட ஆலை, வைக்கோலைப் பயன்படுத்துகிறது. அப்பகுதியில் அதனை வயலிலேயே எரிப்போர் பலர். மண்டியாவிலோ வைக்கோலுக்கு மாடுகள் காத்திருக்கின்றன.